கரும்பலகை தெரிகிறதா என்று முதலில் கேளுங்கள்

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான் பணியில் சேர்ந்த வருடம். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைத்தான் பார்ப்பான். காப்பியடிக்கிறான் என்று முடிவு கட்டி, கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தேன். அதோடு எழுதுவதையே விட்டுவிட்டான். ஒன்றரை மாதம் கழித்து மருத்துவக் குழு வந்து சோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு கண்ணில் பார்வை ரொம்பக் குறைவு, இன்னொன்றும் சுமார்தான். "ஏன்டா சொல்லல?" என்றேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

புதிதாக வரும் ஆசிரியர்கள் பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அது இருக்கட்டும். முதல் வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். போர்டில் நாலைந்து எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாக எழுதிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் கடைசி வரிசையில் நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்திப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மறு கண். எழுத்து தெரியாத பிள்ளைக்குப் படம் போதும். பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். காது கேட்கிறதா என்பதும் ஓரளவு பிடிபடும். இது மருத்துவம் இல்லை, சந்தேகப்படுவதற்கு மட்டும்தான். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும்போது உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும்.

அடுத்தது வயிறு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் பத்தரை மணிக்கு 'வயிறு வலிக்குது சார்' என்று வராத நாளே கிடையாது. இப்போதும் பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளை உண்டு. அதற்கு ஒரு தட்டு எடுத்து வைக்கச் சமையல் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளை 'வாளப்பளம்' என்றுதான் எழுதும். வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள், பிள்ளை காதில் விழுந்ததை எழுதுகிறது. சிவப்பு மையால் சுழிக்காமல், பேசுவது இப்படி, எழுதுவது இப்படி என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ழகரம் மெதுவாக வரும்.

அடி வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. 'மக்கு' என்பதும் அதில் சேர்ந்ததுதான். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைப் பிள்ளையை நிறுத்தி வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். காட்டு வேலைக்குப் போகும் அம்மா சாயங்காலம்தான் கையில் கிடைப்பார். வாசலில் இரண்டு நிமிடம் போதும்.

பள்ளி விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு, நோட்டு, பதிவேடு எல்லாம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். பயப்படாதீர்கள்.

அந்தப் பையனுக்குக் கண்ணாடி வந்தது. 'சோடாபுட்டி' என்று நாலு பேர் சொன்னதும் பைக்குள் ஒளித்துக்கொண்டான். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போதே "கண்ணாடி எங்கடா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பாதி நாள் அவன் பையில் இருக்கும், மீதி நாள் வீட்டில். ஒரு நாள் அவன் திருப்பிக் கேட்டான்: "உங்க கண்ணாடி எங்க சார்?" என்னுடையது சட்டைப் பையில் இருந்தது.