தாய்ப்பால் கொடுக்கும்போது தும்மலுக்கு மாத்திரை போடலாமா?

பொங்கலுக்கு முந்தைய பத்து நாட்களில் குழந்தையைக் காட்ட வரும் தாய்மார்களில் பலர், கிளம்பும் நேரத்தில் தயங்கியபடி தங்களுக்காகவும் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஒட்டடை அடித்து, பரண் ஒழித்து, சுவருக்கு வெள்ளையடிக்கும் நாட்கள் அவை. மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டால் விடிந்ததும் அடுக்குத் தும்மலும் மூக்கில் நீரும்தான். "மாத்திரை போட்டா பால்ல கலந்துடுமா டாக்டர்?" என்பதே அந்தக் கேள்வி.

கலக்கும். ஆனால் எவ்வளவு கலக்கிறது, அந்த மருந்து எது என்பவற்றைப் பொறுத்தே கவலைப்படுவதா வேண்டாமா என்பது முடிவாகிறது.

அப்படியொரு மார்கழியில் மூன்று மாதக் குழந்தையோடு ஒரு தாய் வந்தார். இரண்டு நாட்களாகக் குழந்தை பாலுக்கு எழவில்லை. எழுப்பி மார்பில் போட்டாலும் நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடுகிறது. இந்த வயதில் இப்படித் துவண்டிருந்தால் முதலில் நோய்த்தொற்று இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்; பார்த்தேன், காய்ச்சலோ வேறு கோளாறோ இல்லை. அவர் ஏதேனும் மருந்து எடுக்கிறாரா என்று கேட்டதும், கைப்பையிலிருந்து மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மாத்திரையின் பெயரில் பாதி கத்தரியோடு போயிருந்தது. திருப்பிப் பார்த்தபோது பொடி எழுத்தில் பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் என்று மூன்று மருந்துகள் இருந்தன. "சளி மாத்திரை" என்று வாங்கியதைத் தினமும் மூன்று வேளை போட்டிருந்தார். அதை நிறுத்திய இரண்டாம் நாளே குழந்தை பழையபடி பாலுக்கு அழத் தொடங்கியது.

குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைவதால் தூக்கத்தைத் தருகின்றன. தாய்க்கு வரும் மயக்கம் குழந்தைக்கும் சிறிதளவு வரலாம், சில குழந்தைகள் அதற்கு நேர்மாறாக நச்சரித்து அழவும் கூடும். குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கும் நம் வழக்கத்தில், தாய் தன்னை மறந்து தூங்குவதே தனி ஆபத்து என்பதையும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

லோராடடின், செடிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகிய பிந்தைய தலைமுறை மருந்துகளின் நிலை வேறு. தாய் எடுக்கும் அளவோடு, அவரவர் உடல் எடையில் கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிடும்போது, பால் வழியாகக் குழந்தைக்குச் சேரும் அளவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான மருந்துகளை ஏற்கலாம் என்பது பொதுவான அளவுகோல். லோராடடின் ஏறத்தாழ 1 சதவீதம்தான், மற்ற இரண்டும் அந்த வரம்புக்கு வெகு கீழேயே நிற்கின்றன. மூக்கில் மட்டும் தொல்லை என்றால், ஃப்ளூடிகசோன், புடெசோனைட் போன்ற மூக்கு ஸ்ப்ரேக்கள் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் அவற்றிலிருந்து தொடங்குவதையே விரும்புகிறேன்.

மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் மருந்துகளில் எனக்குள்ள கவலை பாலின் அளவைப் பற்றியது. எட்டுத் தாய்மார்களை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து 2003இல் வெளியான ஆய்வில், 60 மில்லிகிராம் சூடோஎஃபெட்ரின் ஒரே ஒரு முறை எடுத்ததிலேயே அன்றைய பால் சுரப்பு சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும், ஏற்கெனவே பால் போதவில்லை என்று கலங்கி நிற்கும் தாய்க்கு இதை எழுதித்தர எனக்கு மனம் வருவதில்லை. அதே வகையைச் சேர்ந்த ஃபினைல்எஃப்ரின் மாத்திரையையும் தவிர்க்கச் சொல்கிறேன்.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் அடிக்கடி நடக்கிறது. மாத்திரை முடியும் வரை பால் கொடுக்காதே என்று வீட்டுப் பெரியவர்களும், சில நேரம் மருத்துவர்களுமே சொல்லிவிடுகிறார்கள். ஐந்து நாள் புட்டிப்பாலுக்குப் பழகிய குழந்தை மார்புக்குத் திரும்ப மறுப்பதையும், பால் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு தாய் தவிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு செடிரிசினுக்காகப் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டிய தேவை இல்லை.

அந்தத் தாய்க்கு மூக்கு ஸ்ப்ரேயும், தும்மல் அடங்காத நாளில் மட்டும் இரவுப் பால் கொடுத்து முடித்த பிறகு ஒரு செடிரிசினும் எழுதிக் கொடுத்தேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாகவோ பிறந்து ஒரு மாதம் ஆகாததாகவோ இருந்திருந்தால், அந்த ஒரு மாத்திரைக்கு முன்பும் இன்னொரு முறை யோசித்திருப்பேன். அடுத்த முறை தடுப்பூசிக்கு வந்தபோது, கத்தரிக்காத முழு அட்டையையே கொண்டுவந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரே ஒரு மருந்தின் பெயர்தான் இருந்தது.