கேஸ் பலூனா, காத்து பலூனா: ஹீலியம் (சொல் விளக்கம்)

பார்ட்டிக்கு பலூன் வாங்குறவங்க பொதுவா ரெண்டு வார்த்தைதான் சொல்றாங்க, மேல போய் நிக்கிறது கேஸ் பலூன், வாயாலயோ பம்ப்பாலயோ ஊதிக் கட்டுறது காத்து பலூன். ஆனா காத்தும் கேஸ்தானே, 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். 'கேஸ்'ங்கிற சொல்லை 17ஆம் நூற்றாண்டுல உருவாக்கினவர் வான் ஹெல்மான்ட், கிரேக்கத்துல 'கேயாஸ்'னு ஒரு சொல் இருக்கு, அதுல இருந்து எடுத்தார். நாம வாயுன்னு சொல்றது வடமொழி, தமிழ்ல வளி. குறள் 941ல 'வளிமுதலா எண்ணிய மூன்று'ன்னு வருமே, அங்க அது உடம்புல உள்ள வாதம், இப்போ வளிமண்டலத்துல அதே சொல்தான் இருக்கு.

சரி, மேல போற பலூன்ல அடைக்கிற ஹீலியத்துக்கு வருவோம். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணம், அதை குண்டூர்ல இருந்து நிறமாலைக் கருவி (ஒளியை நிறநிறமா பிரிச்சுக் காட்டுறது) வழியா பார்த்தவர் பிரான்ஸ் வானியலாளர் ழான்சென். அதே வருஷம் அக்டோபர்ல இங்கிலாந்துல லாக்கியர் கிரகணமே இல்லாம சூரிய விளிம்போட ஒளியைப் பிரிச்சுப் பார்த்தப்போ ஒரு மஞ்சள் கோடு, சோடியம் கோட்டுக்குப் பக்கத்துல ஆனா அதோட ஒட்டாம தனியா நிக்குது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதுக்குன்னு தனி நிறக்கோடுங்க உண்டு, இது எதோடயும் சேராததால பூமியில தெரியாத தனிமம்னு முடிவு பண்ணி, சூரியனுக்கு கிரேக்கத்துல 'ஹீலியோஸ்', அதையே பேரா வச்சாங்க. கடைசில இருக்கிற 'இயம்' சோடியம், கால்சியம் மாதிரி உலோகத்துக்கு வர்ற வால், உலோகம்னு நினைச்சுட்டாங்க! பின்னாடி வந்த உறவுக்காரங்க நியான், ஆர்கான், கிரிப்டான் எல்லாம் 'ஆன்'ல முடியுது, இது மட்டும் தப்பான வாலோடயே நின்னுடுச்சு. 1895ல ராம்சே யுரேனியம் கலந்த ஒரு கனிமத்துல இருந்து இதைப் பிரிச்சு எடுத்தார்.

தமிழ்ல ரெண்டு பேர் புழக்கத்துல இருக்கு. ஈலியம், இது ஹகரத்தை விட்டுட்டு ஒலியை அப்படியே எழுதுறது. இன்னொண்ணு பரிதியம், பரிதின்னா சூரியன், பொருளோட வந்த பேர், என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா கடையில போய் பரிதியம்னு கேட்டா முழிப்பாங்க, அங்க ஹீலியம்னே சொல்லுங்க, வெறும் 'கேஸ்'னு மட்டும் சொல்லாதீங்க. ஏன்னா ஹைட்ரஜனும் கேஸ்தான், 1824ல விஞ்ஞானி ஃபாரடே முதல்ல செஞ்ச ரப்பர் பலூன்ல அடைச்சது அதைத்தான், அதுவும் பறக்கும், விலையும் குறைவு, ஆனா மெழுகுவர்த்திப் பக்கத்துல போனா பத்திக்கும். ஹீலியம் எரியாது. அதுக்காக அதை உறிஞ்சி கீச்சுக்குரல்ல பேசுற விளையாட்டு வேண்டாம், நுரையீரல்ல ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடிச்சுக்கும், சிலிண்டர்ல வாய் வச்சா உயிருக்கே ஆபத்து.

ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய 1 கிராம்தான் தூக்கும். 28 செ.மீ. ரப்பர் பலூன் சுமார் 11 லிட்டர் பிடிக்கும், அதுல ரப்பரோட எடை, ரிப்பன் எடை எல்லாம் போக மிச்சம்தான் தூக்குற பலம். ஹீலியம் அணு ரொம்ப பொடிசு, ரப்பர் வழியா கசிஞ்சு போய்டும், அதனால நேத்து ராத்திரி நிரப்பி வச்சது இன்னிக்கு சாயங்காலம் தரையில கிடக்கும், ஃபாயில் பலூன்னா பல நாள் தாங்கும். சுவர்ல ஒட்டுறது, வளைவா கட்டுறது, தரையில உருட்டி விடுறதுக்கெல்லாம் காத்தே போதும், முந்தின நாளே ஊதி வச்சுக்கலாம். ரிப்பன் தொங்க கூரையில முட்டி நிக்கணும்னா மட்டும் பரிதியத்துக்கு காசு கொடுங்க, அதையும் பார்ட்டிக்கு கொஞ்சம் முன்னாடி நிரப்பச் சொல்லுங்க.