எந்த டேக்வாண்டோ என்று கேட்டீர்களா?

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் ஒரு போட்டி ஆடிவிட்டு, மூக்கில் பஞ்சோடு வந்தான் ஒரு பையன், பின்னாலேயே கைபேசியில் வீடியோவை ஓடவிட்டபடி அவன் அப்பா. "நடுவர் ஒருதலைப்பட்சம் மாஸ்டர், நீங்களே பாருங்க." பார்த்தேன். நடுவர் மீது ஒரு தப்பும் இல்லை. எதிராளி முகத்தில் குத்தினான். அந்தப் போட்டியின் விதிப்படி அது புள்ளி. இவனுடைய கைகள் இரண்டும் இடுப்பருகே தொங்கின. இவன் கற்றுக்கொண்ட பள்ளியில் முகத்தில் யாரும் குத்துவதில்லை, அங்கே அது குற்றம். வலியும் கோபமுமாக இவன் திருப்பி விட்ட உதை, செஸ்ட் கார்டு அணியாத விலாவில் முழு பலத்தோடு போய் இறங்கியது. தகுதி நீக்கம். ஒரே ஆட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அடி. இருவரும் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சரியாகச் செய்தார்கள்.

இப்படி வருபவர்களில் இவன் முதல் ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் கற்றது எந்த டேக்வாண்டோ?" ஒவ்வொரு முறையும் வரும் பதிலும் ஒன்றுதான்: "டேக்வாண்டோதான் மாஸ்டர், அதில் என்ன எந்த?"

இருக்கிறது. 1940-களிலும் 50-களிலும் சியோலில் சுங் டோ குவான், மூ டுக் குவான், ஜி டோ குவான் என்று தனித்தனிப் பள்ளிகளாக இருந்தவைதான் பிறகு டேக்வாண்டோ என்ற ஒரே பெயருக்குள் வந்தன. பெயர் ஒன்றானது, ஆட்கள் ஒன்றாகவில்லை. ஜெனரல் சோய் ஹாங் ஹி 1966-இல் ஐ.டி.எஃப். என்ற சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார். 1972-இல் தென்கொரிய அரசோடு முரண்பட்டு அதைக் கனடாவுக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு சியோலில் குக்கிவோன் என்ற டேக்வாண்டோ தலைமையகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கேயே இன்னொரு உலகக் கூட்டமைப்பு பிறந்தது. இன்று வேர்ல்ட் டேக்வாண்டோ என்று சொல்கிறோமே, அதுதான். 2017 வரை அதன் பெயரில் ஃபெடரேஷனும் சேர்ந்திருந்தது. 2002-இல் சோய் இறந்தபின் ஐ.டி.எஃப். உடைந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இன்றும் அதே பெயரை வைத்திருக்கின்றன. ஆகவே "நாங்கள் ஐ.டி.எஃப்." என்று ஒரு பள்ளி சொன்னால், "எந்த ஐ.டி.எஃப்.?" என்றும் கேட்கத்தான் வேண்டும். இவை தவிர, அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய ஏ.டி.ஏ. தனக்கென ஃபார்ம்களை (வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்புகளை) வைத்துக்கொண்டு தனியாக நடக்கிறது. எதிலும் சேராத பள்ளிகளும் ஏராளம். அவற்றில் அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சேராமல் இருப்பது குற்றமில்லை, அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம்.

இனி, எனக்கு இரத்தக் கொதிப்பை ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "ஒலிம்பிக்கில் இருப்பதுதான் அசல், மற்றதெல்லாம் டூப்ளிகேட்." அல்லது இதையே தலைகீழாக, "ஒலிம்பிக் டேக்வாண்டோ வெறும் விளையாட்டு, பழைய முறைதான் அசல்." இரண்டையும் சம அளவு நம்பிக்கையோடு சொல்கிறார்கள்.

ஒலிம்பிக்கில் ஒரு விளையாட்டு இடம்பெற வேண்டுமானால் ஒலிம்பிக் குழு ஏற்றுக்கொண்ட ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு அதை நடத்த வேண்டும். டேக்வாண்டோவுக்கு அந்த ஏற்பு வேர்ல்ட் டேக்வாண்டோவிடம் இருக்கிறது. 1988-இலும் 1992-இலும் காட்சிப் போட்டி, 2000 சிட்னி முதல் பதக்கப் போட்டி. அதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. மற்ற முறைகள் மட்டம் என்று எந்தக் குழுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. பழைமையை வைத்துப் பார்த்தாலும் இரு தரப்புமே ஜப்பானிய கராத்தே கற்றுவந்த கொரியர்களின் கையில் உருவானவைதான். ஆரம்பகாலப் பள்ளிகள் பலவற்றில் கராத்தேயின் ஃபார்ம்களான காத்தாக்களையே கொரிய உச்சரிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று சுவரில் எழுதி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு மயக்கம்: "எங்கள் பிளாக் பெல்ட் வேர்ல்ட் டேக்வாண்டோ கொடுத்தது." வேர்ல்ட் டேக்வாண்டோ போட்டிகளை நடத்தும் அமைப்பு. அதன் உறுப்பினர்கள் நாட்டுக் கூட்டமைப்புகள். உங்கள் தெருப்பள்ளி அதில் நேரடி உறுப்பினராக முடியாது. அந்தப் பக்கத்தில் டான், அதாவது பிளாக் பெல்ட் நிலைக்கான சான்றிதழ் தருவது குக்கிவோன். சான்றிதழில் எண் இருக்கும், அதைக் குக்கிவோனின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டான் கிடையாது, பூம் என்ற சிறுவர் நிலைதான். அதற்குச் சீருடையில் சிவப்பும் கறுப்பும் கலந்த காலர். மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் உங்கள் பள்ளியே தேர்வு வைத்துத் தருவது. மஞ்சள் பெல்ட்டுக்கு "சர்வதேசச் சான்றிதழ்" என்று தனிக் கட்டணம் கேட்டால், கட்டுவதற்கு முன் அதை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

ஃபார்ம்ஸ் விஷயம் எளிது. குக்கிவோன் வழிப் பள்ளி என்றால் பூம்சே: கலர் பெல்ட்டுக்குத் தேகுக் எட்டு, கறுப்புக்குப் பிறகு கோர்யோவில் தொடங்கி ஒன்பது. ஐ.டி.எஃப். வழி என்றால் டுல் 24. 19 அசைவுகள் கொண்ட சோன்ஜிதான் முதல் பாடம். பிள்ளை வீட்டில் பயிற்சி செய்யும்போது ஃபார்மின் பெயரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு முழங்காலைப் பாருங்கள். ஒவ்வொரு அசைவிலும் உடல் மெல்ல இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினால் அது சைன் வேவ். சோய் பிற்காலத்தில் கொண்டுவந்த முறை. அதற்கு முன்பே பிரிந்துபோன பள்ளிகள் அதே சோன்ஜியை உயரம் மாறாமல், கராத்தே சாயலில் செய்கின்றன. இரண்டும் தப்பில்லை. ஆனால் ஒன்றைப் பழகியவர் மற்றதன் தேர்வில் நின்றால் மதிப்பெண் போய்விடும். (என்னிடம் மாறி வரும் பெரியவர்களுக்கு ஏழு வருடப் பழக்கத்தை முழங்காலிலிருந்து கழற்றுவதைவிட புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அவர்களிடம் இதைச் சொல்வதில்லை.)

ஃபார்ம்ஸில் தவறினால் மதிப்பெண்தான் போகும். நேருக்கு நேர் மோதும் ஸ்பாரிங்கில் பல் போகும்.

வேர்ல்ட் டேக்வாண்டோ விதியில் உடலில் ஹோகு என்ற செஸ்ட் கார்டு, தலையில் ஹெல்மெட், வாயில் மவுத்கார்டு. பெரிய போட்டிகளில் ஹோகுவும் ஹெல்மெட்டும் மின்னணுக் கருவிகள். உடலில் விழும் உதை குறிப்பிட்ட பலத்தைத் தாண்டினால்தான் புள்ளி ஏறும். உடலில் குத்தினால் 1, உடலில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. முகத்தில் குத்தக்கூடாது; குத்தினால் கம்ஜோம் என்ற தண்டனை, எதிராளிக்கு ஒரு புள்ளி. இந்த விதிகளுக்குள் வளரும் பிள்ளை இயல்பாகவே கையை மறந்துவிடும். முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையைத் தாழ்த்தி, தூரத்தை அளந்து ஆடும். அங்கே அது கெட்ட பழக்கம் இல்லை, அதுதான் திறமை.

ஐ.டி.எஃப். விதியில் ஹோகு கிடையாது. கையிலும் காலிலும் மெத்தைக் கவசம், வாயில் மவுத்கார்டு. ஹெல்மெட் கட்டாயமா என்பது போட்டியைப் பொறுத்தது. முகத்தில் குத்தலாம். ஆனால் அடியை அடக்கி வைக்க வேண்டும். அளவு மீறிய அடிக்கு எச்சரிக்கை, பிறகு வெளியேற்றம். அங்கே வளரும் பிள்ளை கையை உயர்த்தியே வைத்திருக்கும், குத்தையும் உதையையும் கலந்து ஆடும், எதிராளியைத் தொட்டதும் காலை இழுத்துக்கொள்ளும்.

இப்போது இருவரையும் இடம் மாற்றி நிறுத்திப் பாருங்கள். முதல் பிள்ளையின் முகம் திறந்து கிடக்கும், அதன் உதை கவசமில்லாத உடலில் முழு பலத்தோடு விழும். இரண்டாவது பிள்ளை அழகாக உதைத்தும் கருவி அசையாது. பழக்கதோஷத்தில் முகத்தில் குத்திக் குத்தி கம்ஜோம் வாங்கும். ஒரு சுற்றில் 5 கம்ஜோம் வாங்கினால் அந்தச் சுற்றே போச்சு. ஓட்டத் தெரிந்தவர்தான், ஆனால் சாலையின் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வண்டியை இறக்கிவிட்டதுபோல.

மாறி ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2014-இல் சீனாவின் நான்ஜிங்கில் வேர்ல்ட் டேக்வாண்டோவும் ஐ.டி.எஃப். அமைப்புகளில் ஒன்றும் செய்துகொண்ட ஒப்பந்தமே, ஒருவர் மற்றவர் போட்டியில் அந்தப் போட்டியின் விதிப்படி ஆடலாம் என்கிறது. அந்த விதியில் பழகிவிட்டுப் போங்கள். முந்தின வாரம் யூடியூப் பார்ப்பது பழகுவது ஆகாது.

பெற்றோர்களே, சேர்க்கும் முன் மாஸ்டரிடம் மூன்று கேள்விகள்: எந்த அமைப்பு, என்ன ஃபார்ம்ஸ், ஸ்பாரிங்கில் முகத்தில் குத்து உண்டா. மழுப்பினால் எழுந்து வாருங்கள். எந்தப் பள்ளியினரும் ஆடலாம் என்று "ஓபன்" போட்ட எந்தப் போட்டிக்கும் விதித்தாளைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஹோகு உண்டா, ஹெல்மெட் கட்டாயமா, முகத்தில் குத்தலாமா, அடியின் அளவு என்ன என்று அதில் இல்லையென்றால் அந்தப் போட்டி வேண்டாம். பதக்கம் எங்கேயும் போய்விடாது.

தலையில் அடிபட்ட பிள்ளை தலைசுற்றல், வாந்தி, குழப்பம் என்று எதைச் சொன்னாலும், எந்த விதிப் போட்டியாக இருந்தாலும், அன்றைக்கு மறுபடி ஆட்டக்களத்தில் இறக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். "இறுதிச் சுற்று மட்டும்தானே மாஸ்டர்" என்று என்னிடம் கெஞ்சாதீர்கள்.

சக மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாறி வரும் பிள்ளையின் பெல்ட்டை எல்லார் முன்பும் கழற்றச் சொல்லாதீர்கள். அது வேறிடத்தில் உழைத்து வாங்கியது. அதையே கட்டிக்கொண்டு உங்கள் ஃபார்ம்ஸைக் கற்கட்டும்; அடுத்த தேர்வை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஸ்பாரிங்கில் மட்டும் அந்தச் சலுகை வேண்டாம். பெல்ட் என்ன நிறமாக இருந்தாலும் உங்கள் விதி அதன் கைக்கும் காலுக்கும் பழகும்வரை வேகத்தைக் குறைத்து, நிதானமான ஜோடியோடு மட்டும் விடுங்கள்.