பாட்டைத் தலைகீழாக ஓட்டிப் பிள்ளைகளைச் சந்தேகப்படாதீர்கள்

அந்த வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. கறுப்புத் திரை, சிவப்பு எழுத்து, பின்னணியில் இழுத்து இழுத்து ஒரு குரல். லெட் செப்பலின் என்னும் பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலை ரிவர்ஸில் ஓட்டினால் சாத்தானைப் போற்றும் வரிகள் கேட்கும் என்று அதில் போட்டிருக்கிறார்கள். நான் ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறவன். ஒலியைப் பதிவு செய்வதும் சுத்தம் செய்வதும்தான் என் பிழைப்பு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இது என் போனுக்கு வந்துவிடும். "உண்மையா சார்?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இந்த முறை அப்படி விட முடியவில்லை. ஒரு அப்பா நேரிலேயே வந்துவிட்டார். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். இந்தப் பாட்டின் தொடக்கத்தைத்தான் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். வீடியோவைப் பார்த்ததும் கிட்டாரைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். அவள் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. "பாருங்க சார், பேச்சே மாறிப்போச்சு, இந்தப் பாட்டுதான் காரணம்" என்றார். கிட்டாரைப் பிடுங்கினால் எந்தப் பிள்ளை பேசும்?

அவருடைய போனை வாங்கி, திரையைக் கவிழ்த்து வைத்து, என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பையன்களைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஒருவன், "ரஷ்யன் பாட்டா அண்ணா?" என்றான். இன்னொருவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. பிறகு திரையைத் திருப்பி எழுத்தோடு ஓட்டினேன். "ஆமாண்ணா, அப்படித்தான் சொல்றான்!" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். பாட்டு அதேதான், ஸ்பீக்கரும் அதேதான். கூடுதலாக வந்தது அந்தச் சிவப்பு எழுத்து மட்டும். சொல்ல வேண்டியதெல்லாம் இதில் அடங்கிவிட்டது. ஆனாலும், "ரிவர்ஸ்ல எப்படி சார் வார்த்தை வரும், யாரோ வெச்சாத்தானே வரும்?" என்று அந்த அப்பா கேட்டார். அவருக்கும் அவரைப் போல் கேட்கும் எல்லாருக்கும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேச்சை ரிவர்ஸ் செய்வதை எழுத்தைப் பின்னாலிருந்து படிப்பதைப் போன்றது என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. 'விகடகவி' என்று உங்கள் குரலில் பதிவு செய்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ரிவர்ஸ் போடுங்கள். 'விகடகவி' வராது. 'இவகடகிவ்' என்பதைப் போல் ஏதோ வரும். ஏனென்றால் 'வி' என்பது எழுத்தில் ஒன்று, ஒலியில் இரண்டு. முதலில் 'வ்', அடுத்து 'இ'. திருப்பினால் 'இ' முந்திக்கொள்ளும். அதுகூடச் சுத்தமாக வராது. 'க' சொல்லும்போது தொண்டைப் பக்கம் காற்று அடைபட்டுப் பட்டென்று விடுபடுகிறது. திருப்பினால் அந்த வெடிப்பு தப்பான இடத்தில் வந்து விழும். பாட்டில் எக்கோவும் சேர்ந்திருந்தால், ஒரு சொல்லின் வால் அந்தச் சொல்லுக்கு முன்னாலேயே வந்து நிற்கும். இப்படிக் குழம்பிய ஒலியில் ஆங்கிலமும் இருக்காது, தமிழும் இருக்காது. பேச்சின் சாயல் மட்டும் இருக்கும். பேச்சின் சாயல் எங்கே இருந்தாலும் மூளை அர்த்தம் தேடும். கையில் ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டால் தேடக்கூட வேண்டாம், அதையே பொருத்திக்கொள்ளும்.

வேண்டுமென்றே வைத்திருக்க முடியாதா என்பார்கள். ஒரு வரி நேராகப் பாடும்போது ஓர் அர்த்தமும், திருப்பினால் வேறோர் அர்த்தமும் தர வேண்டும். இரண்டும் இலக்கணத்தோடு, ராகத்தோடு, தாளத்தோடு இருக்க வேண்டும். இதை எழுதிப் பாடிக் காட்டுவது கிட்டத்தட்ட எந்தப் பாடகராலும் ஆகாது. ரிவர்ஸில் பதிவு செய்து பாட்டுக்குள் செருகலாம், அது எளிது. ஆனால் அப்படிச் செருகினால் நேராகக் கேட்கும்போதே அந்த இடம் உளறலாகக் காதில் விழுந்துவிடும். பீட்டில்ஸ் 1966இல் 'ரெயின்' பாட்டின் முடிவில் அப்படித்தான் செய்தார்கள், யாரும் ஒளிக்கவில்லை. இதே லெட் செப்பலின் குழுவும், 'ஸ்டேர்வே' இருக்கும் அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'வென் த லெவீ பிரேக்ஸ்'இல் ஹார்மோனிகாவுக்கு, எதிரொலி முன்னாலேயே வரும் ரிவர்ஸ் எக்கோ வைத்திருக்கிறது. எங்கள் தொழிலில் அது ஒரு நல்ல உத்தி, நானும் பயன்படுத்துகிறேன். காது பழகியவர்களுக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கதை கிளம்பியது அமெரிக்காவில். 1982இல் ஒரு கிறிஸ்தவத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசினார்கள், அந்த ஏப்ரலில் கலிபோர்னியா சட்டமன்றக் குழு முன்பு பாட்டைத் திருப்பிப் போட்டும் காட்டினார்கள். கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜுக்கு அலெய்ஸ்டர் குரோலியின் மாந்திரீக நூல்களில் ஈடுபாடு உண்டு, குரோலி வாழ்ந்த வீட்டையே வாங்கியவர். சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் இந்தப் பாட்டின் வரிகள் பேஜுடையவை அல்ல, குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் எழுதியவை.

கனடாவில் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ஜான் வோக்கியும் டான் ரீடும் இதை ஒழுங்காகச் சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். திருப்பிய பேச்சைக் கேட்டவர்கள் குரல் ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டார்கள். அர்த்தத்தைப் பற்றிக் கேட்டபோது குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. ஆனால் "இந்த வாக்கியம் வரும், கவனியுங்கள்" என்று முன்கூட்டிச் சொன்னதும் கேட்டுவிட்டது. அவர்கள் திருப்பிப் போட்டவற்றில் பைபிளில் சங்கீதம் எனப்படும் துதிப்பாடல்களில் 23ஆவதும் ஒன்று. அதிலேயும் இப்படி வாக்கியங்கள் 'கிடைத்தன'. வீடியோ அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரு பாட்டைப் பத்து விநாடித் துண்டாக வெட்டித் திருப்பிப் போட்டு மதிப்பிடுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு பழைய வீடு, ஒரு காலத்தில் ஏழைகளை வைத்து வேலை வாங்கிய இல்லம். அங்கே நெருப்பு மூட்டிய கணப்பு அருகே உட்கார்ந்து பேஜ் வாசிக்க, பெரும்பகுதி வரிகளைப் பிளான்ட் ஒரே மூச்சில் எழுதினார். முக்கியப் பதிவு லண்டன் பேசிங் தெருவில் இருந்த ஐலண்ட் ஸ்டுடியோவில், 1970 டிசம்பரில் தொடங்கியது. இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ். தனிக் கிட்டார் தொடங்க, ஜான் பால் ஜோன்ஸ் வாசித்த ரெக்கார்டர் என்னும் மரக்குழல்கள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. குரல் வருகிறது. பிறகு மின்கிட்டார்கள், மின்பியானோ. ஜான் பொனமின் டிரம்ஸ் நான்கு நிமிடம் கடந்த பிறகுதான் நுழைகிறது. அதுவரை ஒரு டிரம்மர் கை கட்டிக் காத்திருக்கும் பாட்டு வேறு எத்தனை சொல்ல முடியும்?

வேகத்தையும் கவனியுங்கள். பாட்டு போகப்போக வேகம் கூடுகிறது. பேஜ் முன்பு லண்டனில் கூலிக்கு வாசித்த ஸ்டுடியோ கலைஞர். அந்த வேலையில் வேகம் கூட்டினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அந்த விதியைத் தெரிந்தே மீறினார். இன்றைக்கு எங்கள் ஆட்கள் டிக் டிக் என்று தாளம் தட்டும் கிளிக் டிராக் போட்டு எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறார்கள், அது தனி வருத்தம். முடிவில் வரும் சோலோவை, அதாவது தனிக் கிட்டார் வாசிப்பை, எழுதி வைத்து வாசிக்கவில்லை. இன்னொரு கிட்டார் கலைஞரான ஜெஃப் பெக் கொடுத்த பழைய டெலிகாஸ்டர் கிட்டாரில் சில தடவை வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

1971 நவம்பர் 8 அன்று ஆல்பம் வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதைத் தனி சிங்கிளாக வெளியிடவே இல்லை. அன்றைக்குக் கேட்க வேண்டுமென்றால் முழு ஆல்பத்தை வாங்க வேண்டியிருந்தது, அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. உள் உறையில் வரிகளை அச்சிட்டதும் இந்த ஒரு பாட்டுக்குத்தான். மறைக்க நினைத்தவர்கள் அச்சடித்துக் கொடுப்பார்களா?

'இது திருட்டு ட்யூன்' என்ற இன்னொரு வீடியோவும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிட் குழுவின் 'டாரஸ்' பாட்டை வைத்து 2014இல் வழக்குப் போட்டார்கள். 2016இல் ஜூரி லெட் செப்பலின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு 2020 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இரண்டு பாட்டிலும் வரும், படிப்படியாக இறங்கும் அடிநாதம் பல நூற்றாண்டுகளாக இசையில் புழங்குவது.

விளையாட்டு அல்ல என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும் ராக் குழு மீது வழக்கு நடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இரண்டு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் அன்றே இறந்தார், மற்றவர் சில ஆண்டுகள் கழித்து இறந்தார். பாட்டில் மறைந்திருந்த கட்டளைதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். அது பாடகரின் மூச்சும் கிட்டார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்தது என்று நீதிபதி தீர்த்தார். அந்த அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் உங்கள் பிள்ளை இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறது.

அதனால் தயவு செய்து கேளுங்கள். மகனோ மகளோ சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால் பாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு வாரம் அப்படியே நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாக விரும்புவதாக ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

வரி எழுதிய ஒலி கிளிப் எது வந்தாலும் முதலில் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். கேட்டதைத் தாளில் எழுதிவிட்டு அப்புறம் திரையைப் பாருங்கள். பாட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் பேசியதாக வரும் ஆடியோவுக்கும் இதுதான் முறை. தாளில் எழுத ஒன்றுமில்லை என்றால் அந்த கிளிப்பை அனுப்பியவருக்கே அதைச் சொல்லுங்கள். குடும்ப குரூப்பில் தள்ளாதீர்கள்.

அப்புறம், அந்தப் பாட்டைப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு தடவை நேராகக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி தெளிவாகக் கேட்காது, மரக்குழல்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். சுமாரான ஹெட்போன் போதும், நடுவில் நிறுத்தாமல் எட்டு நிமிடமும் கேளுங்கள்.