வீங்கிய முழங்காலுக்கு யூரிக் ஆசிட் ரிப்போர்ட் பதில் சொல்லாது

வீங்கிய மூட்டோடு இப்படி வருவது இந்த மாதத்தில் இது நான்காவது நோயாளி. அந்த அம்மாவுக்கு வயது 74. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கித் தொட்டால் கொதித்தது, காய்ச்சலும் கூட. மகன் கொண்டுவந்த பையில் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரை. "யூரிக் ஆசிட் 7.1 டாக்டர். எட்டு மாதமாகத் தருகிறோம். பருப்பு, காளான், கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம்" என்றார்.

அந்த எட்டு மாதத்தில் மூன்று முறை மூட்டு வீங்கியிருக்கிறது. ஒரு முறைகூட யாரும் ஊசி வைத்து நீர் எடுத்துப் பார்க்கவில்லை.

எடுத்தேன். நல்ல மூட்டு நீர் என்றால் சிரிஞ்சுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்தைப் படித்துவிடலாம். இது அரிசி கழுவிய நீர்போலக் கலங்கியிருந்தது. ஒரு பகுதி, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்குப் போனது. ஒரு சொட்டை போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் படியும் கவுட் என்றால் ஊசி ஊசியாகப் பளீரென்று மின்னும். இங்கே தெரிந்தவை மங்கலான, குட்டையான சாய்சதுரங்கள். கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்கள், அதாவது சூடோகவுட் எனும் போலிக் கவுட்.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். யூரிக் ஆசிட் கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. உண்மையான கவுட் உச்சத்தில் இருக்கும் நாளில் அந்த அளவு சரியாகவும் இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்து மூட்டுக்குப் பெயர் வைக்க முடியாது. அல்லோபியூரினால் பைரோபாஸ்பேட் படிகத்தைத் தொடவே தொடாது. ஆனால் சிலருக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையைத் தரும். இல்லாத நோய்க்கு ஏன் அந்த அபாயம்?

இன்னொன்று. எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்குள் வெள்ளைக் கோடு தெரிந்ததும் பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிடும் கால்சியம் அங்கே போய்ப் படிவதில்லை. முதுமைதான் முதல் காரணம். அறுவைச் சிகிச்சையோ கடுமையான காய்ச்சலோ வீக்கத்தைக் கிளப்பிவிடும். 60 வயதுக்குள் வந்தால் மட்டும் பாராதைராய்டு சுரப்பி, இரும்புச்சத்து, மக்னீசியம் ஆகியவற்றில் கோளாறு உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

படிகம் தெரிந்தாலும் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே மூட்டில் இருக்கலாம். கிருமி புகுந்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரித்துப்போகும். அதனால் ஒரே இரவில் ஒரு மூட்டு வீங்கிச் சூடேறினால் அன்றே வாருங்கள். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். முதியவர்களின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

இந்தப் படிகத்தைக் கரைக்க இன்றுவரை மருந்து இல்லை. நீரை எடுத்து, கிருமி இல்லை என்று உறுதியானபின் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். அல்லது வீக்கத்தை அடக்கும் கோல்ச்சிசினைக் குறைந்த அளவில் தரலாம். நம் செங்காந்தள் விதையிலிருந்தும் எடுக்கப்படும் மருந்துதான் அது. அதற்காக யாரும் அந்தச் செடியின் கிழங்கான கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். அது கொல்லும் நஞ்சு.

அந்த அம்மாவின் கல்ச்சரில் கிருமி இல்லை. ஊசி போட்ட மறுநாள் காலை தானே எழுந்து கழிவறைக்கு நடந்தார். ரவுண்ட்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாம்பார் சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

"இன்றைக்கே சாப்பிடுங்கள் அம்மா" என்றேன்.