சுவரை உடைக்கும் முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் பண்டாரவளையில் இருந்து ஓர் ஐயா கோல் எடுத்தார். "தம்பி, ஹோல் சுவரை உடைச்சாச்சு. ஆறடிக்கு அளவா இடம் விட்டிருக்கு. நீங்க தொட்டியைக் கொண்டாந்து வச்சா சரி" என்றார். பவளமும் கடல் மீனும் வளர்க்கும் தொட்டியைச் சுவருக்குள் பதிக்க வேண்டுமாம். மலையகத்தில் மீன் தொட்டி கட்டித் தருவதுதான் என் தொழில். இந்த வேலையைக் கேட்டு வருகிற பலர் சுவரை உடைப்பதில்தான் தொடங்குகிறார்கள்.

போய்ப் பார்த்தேன். வாசல் வீதி மட்டத்தில் இருக்கிறது. உள்ளே நடந்தால் மண் தரைமேல் நிற்பதாகவே தோன்றும். பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் அந்த ஹோலே தூண்கள் மேல் நிற்கிறது, கீழே சரிவு. நம் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தானே.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியில் 680 லீட்டர் பிடிக்கும். கடல்நீர் நல்ல தண்ணீரை விடக் கொஞ்சம் கனம், அதுவே 700 கிலோ. 15 மில்லிமீட்டர் கண்ணாடி 150 கிலோ. அப்புறம் கல், மணல், இரும்புத் தாங்கி, கீழே வடிகட்டும் சம்ப் தொட்டி. ஒரு டன்னைத் தாண்டிவிடும். இத்தனையும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் உட்காருகிறது. வீட்டுக் கொன்கிரீட் தட்டைப் போடும்போது, வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150, 200 கிலோ பாரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உடனே இடிந்து விழும் என்று சொல்லவில்லை. தட்டு கொஞ்சம் தொய்ந்தாலே கண்ணாடி முறுகும், மூலையில் சிலிக்கன் விடும். பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும் வரை வேண்டாம் என்று ஐயாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம்தான். மேசன் பாஸ் சொன்னாரே, தாங்கும் என்று. பாஸ் நல்ல வேலைக்காரர், ஆனால் இது கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

மண்மேட்டை வெட்டிய பக்கம் நிற்கிற சுவர் என்றால் அதில் கை வைக்கவே கூடாது. அந்தச் சுவர் மலையைத் தாங்கி நிற்கிறது.

சுவர்த் தொட்டிக்கு உயிர் பின்னால் இருக்கிற அறைதான். தொட்டிக்கு மேலே ஒன்றரை அடியாவது கை நுழைய இடம் வேண்டும், ஆள் நின்று வேலை செய்ய மூன்றடி வேண்டும், தரையில் வடிகால் வேண்டும். நம் குளிரில் இன்னொன்றும் சேரும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை. பவளத்துக்கு 24 முதல் 27 வரை வேண்டும். குளிர்ந்த அறையில் சூடான தண்ணீர் இருந்தால் இரவும் பகலும் ஆவி பறக்கும். அது சுவரிலும் கூரைத் தட்டிலும் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். தெறிக்கிற உப்புத் தண்ணீர் காய்ந்து பிளக் பொயின்டில் உப்புப் பூக்கும். கொன்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கும். காற்றை வெளியே தள்ளும் விசிறி இல்லாமல் நான் இப்போது தொட்டி வைப்பதில்லை. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் குறைந்ததை நிரப்ப நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல.

மின் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். வயரெல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், ஒழுகும் நீர் அங்கேயே சொட்டிவிடும். உப்புத் தண்ணீரில் கை விடும் வேலை இது, உயிரோடு விளையாடக் கூடாது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ஹட்டனில் நான் வைத்த தொட்டி ஒன்றில் அப்போது மீன் எல்லாம் செத்தது. குளிரால் என்றுதான் வீட்டுக்காரர் நினைத்தார். பெரிய தொட்டி மெதுவாகத்தான் குளிரும். பம்ப் நின்றதும் முதலில் தீர்ந்தது பிராணவாயு. பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று இருந்திருந்தால் பல மீன்கள் பிழைத்திருக்கும். அதை வாங்கச் சொல்லாதது என் தவறு. இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

அடுத்தது தண்ணீர். "எங்க ஊற்றுத் தண்ணி மினரல் தண்ணி மாதிரி" என்பார்கள். குடிக்க நல்லதாகவே இருக்கலாம். ஆனால் தேயிலைக்குக் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து தோட்டங்களில் செம்பு கலந்த மருந்து அடித்து வந்திருக்கிறார்கள். மேலே மலை, கீழே ஊற்று. நமக்குத் தெரியாத அளவு செம்பே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். மரக்கறித் தோட்டப் பக்கம் உரத்தின் நைத்திரேட்டும் சேரும், பாசி பிடித்துக்கொள்ளும். அதனால் கரைந்திருப்பதையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வடிகட்டியில் எடுத்த தண்ணீரில், லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல் உப்புக் கலவை. சமையல் உப்பில் மற்றத் தாதுக்கள் கிடையாது, அது உதவாது.

கல்லைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஹிக்கடுவையிலோ திருகோணமலையிலோ இருந்து உயிர்ப் பவளம் கொண்டு வந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நம் கடலில் பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. 1998இல் கடல் சூடாகி நம் பவளப்பாறைகள் பல வெளிறி அழிந்தன. அதில் மிஞ்சியதை உடைத்து நம் ஹோலில் வைக்க எனக்கு மனம் வராது. செயற்கைக் கல் போதும், ஆறு மாதத்தில் அதிலும் உயிர் படரும்.

பொத்தான் போலக் கூட்டமாக விரியும் ஸோவாந்திட் என்ற பவள வகையில் சிலவற்றில் கொடிய விஷம் உண்டு. அது ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவோ, சுடுநீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது. ஆவியைச் சுவாசித்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகில் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், வாயால் குழாய் உறிஞ்சித் தண்ணீர் எடுக்காதீர்கள்.

பண்டாரவளை ஐயா கடைசியில் பொறியியலாளரைக் கூட்டி வந்தார். ஹோல் வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார். மண் தரையில் நிற்கிற சாப்பாட்டறைச் சுவரில், பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி பண்ணி வைத்தோம். உடைத்த ஹோல் சுவரைப் பாஸே அடைத்துப் பூசிவிட்டார். இப்போது நான்காவது வாரம், உப்புத் தண்ணீர் ஓடுகிறது, மீனைக் கொல்லும் அமோனியா இன்னும் பூச்சியத்துக்கு வரவில்லை. பேத்தி தினமும் மீன் எப்போ என்று கேட்கிறாளாம். இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.