ஸ்கோர்: மதிப்பெண் அல்ல, இசைக்கோவை

திரை விமர்சனங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் ஒன்று உண்டு: "பின்னணி இசையில் ஸ்கோர் செய்திருக்கிறார் இசையமைப்பாளர்." நன்றாகச் செய்து பெயர் வாங்கிவிட்டார் என்று நாம் புரிந்துகொள்வோம். திரையிசையைத் தேடித் தேடிக் கேட்கும் ரசிகர்கள் நடுவே இதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே ஸ்கோர் என்பது பாராட்டும் அல்ல, மதிப்பெண்ணும் அல்ல. ஒரு படத்துக்கென்றே எழுதப்பட்ட இசை முழுவதற்கும் அதுதான் பெயர். "இப்போது எந்த ஸ்கோர் ஓடுகிறது?" என்று ஒருவர் கேட்பதும், மற்றவர்கள் தாங்கள் கேட்டுக்கொண்டிருப்பதை வரிசையாகச் சொல்வதும் அவர்களின் நெடுநாள் பழக்கம். கேள்வி பாட்டைப் பற்றியதே அல்ல; அவர்கள் பகிர்வதில் பெரும்பங்கு பாட்டே இல்லாத படங்களின் இசை.

நாம் இதை பி.ஜி.எம். என்கிறோம், பின்னணி இசை என்கிறோம், ஸ்டூடியோக்காரர்கள் ஆர்.ஆர். என்கிறார்கள், சிலர் ஓ.எஸ்.டி. (ஒரிஜினல் சவுண்ட்டிராக்) என்கிறார்கள். நான்கும் ஒன்றல்ல. ஸ்கோரோடு முழுசாக ஒத்துப்போவதும் இவற்றில் எதுவும் இல்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கொர்' என்றால் வெட்டு, கீறல். ஆடுமாடுகளையோ கடனையோ எண்ணும்போது ஒரு குச்சியில் கத்தியால் கீறி வைப்பார்கள். இருபதுக்கு ஒரு கீறல் என்ற வழக்கம் இருந்ததால் அந்தச் சொல்லுக்கே இருபது என்ற பொருளும் வந்து சேர்ந்தது. 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் பேசிய ஆபிரகாம் லிங்கன், எண்பத்தேழு ஆண்டுகள் என்பதை 'நான்கு ஸ்கோர் ஏழு ஆண்டுகள்' என்று சொன்னது இந்தக் கணக்கில்தான். கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் ஓட்டங்களையும் குச்சியில் வெட்டித்தான் கணக்கு வைத்தார்கள். ஓட்டத்துக்கே 'வெட்டு' என்று பெயர் இருந்தது. இன்று நாம் கேட்கும் "ஸ்கோர் என்ன?" அந்தக் குச்சியிலிருந்து வந்த கேள்வி. (இங்கிலாந்து அரசு கருவூலத்தில் இப்படிப்பட்ட கணக்குக் குச்சிகள் மலைபோல் சேர்ந்திருந்தன. 1834 அக்டோபர் 16 அன்று அவற்றை நாடாளுமன்றக் கட்டடத்தின் உலையில் போட்டு எரிக்கப் போய், கட்டடமே பெரும்பாலும் எரிந்துபோனது. சொல் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கீறல் எப்படி இசைக்குள் வந்தது? பல கருவிகள் சேர்ந்து வாசிக்கும் இசையை எழுதும்போது, ஒவ்வொரு கருவிக்கும் ஐந்து கோடுகள் கொண்ட ஒரு வரி. அந்த வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டிய சுரங்கள் நேர்க்கீழே வரும்படி, மேலிருந்து கீழாக ஒரு கோட்டை இழுத்தார்கள். அந்த இணைப்புக் கோடு ஒரு கீறல். 1700-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் அப்படி எழுதிய தாளுக்கு ஸ்கோர் என்ற பெயர் நிலைத்தது. இத்தாலியர்கள் அதே தாளைப் 'பார்த்தித்தூரா' என்கிறார்கள். பிரித்தல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். ஒருவர் கோடு வரிகளைச் சேர்ப்பதைப் பார்த்தார், இன்னொருவர் அதே கோடு தாளக்கட்டங்களாகப் பிரிப்பதைப் பார்த்தார். தமிழில் நாம் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதற்கு இது உதவும்.

தாளின் பெயர் மெல்ல அதில் எழுதிய இசைக்கே பெயரானது. திரைப்படத்துக்கென்று தனியே எழுதப்பட்ட முதல் இசைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது, 1908-இல் பிரெஞ்சு இசைமேதை காமீ சான்-சான்ஸ் ஒரு மௌனப் படத்துக்கு எழுதியது. பேசும் படம் வந்த பிறகு, 1933-இன் 'கிங் காங்' படத்துக்கு மேக்ஸ் ஸ்டைனர் எழுதிய இசை, ஆர்கெஸ்ட்ராவால் ஒரு படத்தைத் தாங்கிப் பிடிக்க முடியும் என்று ஹாலிவுட்டுக்குக் காட்டியது. ஆஸ்கர் விருதில் இசைக்கு இடம் கிடைத்தது 1934-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து.

ஒரு திரைப்பட ஸ்கோர்த் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலே புல்லாங்குழல் முதலான காற்றுக்கருவிகள், அடுத்து எக்காளம் போன்ற பித்தளைக் கருவிகள், நடுவே தாளக்கருவிகள், அடியில் வயலின் முதல் டபுள் பேஸ் வரை நரம்புக்கருவிகள் என்று வரிசையாக இருக்கும். கச்சேரிக்கு எழுதும் தாளிலும் இதே அடுக்குத்தான். திரைப்படத் தாளின் தனி அடையாளம் ஓரத்தில் இருக்கும்: '3எம்2' என்பது போல ஒரு குறி. மூன்றாவது ரீலில் வரும் இரண்டாவது இசைத்துண்டு என்று அதற்கு அர்த்தம். இன்ன நொடியில் கதவு திறக்கிறது, இன்ன நொடியில் அவள் திரும்பிப் பார்க்கிறாள் என்ற நேரக்குறிப்புகளும் சுரங்களுக்கு மேலே எழுதப்பட்டிருக்கும். ஆக, ஸ்கோர் என்பது ஒரே நீண்ட இசை அல்ல. சில நொடிகளிலிருந்து பல நிமிடங்கள் வரை நீளும் துண்டுகள், கதையின் ஓட்டத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும் வரிசை அது.

இப்போது ஓ.எஸ்.டி.க்கு வருவோம். அதில் உள்ள 'சவுண்ட்டிராக்' என்ற சொல் முதலில் குறித்தது ஒரு பொருளை. ஃபிலிம் சுருளில் படச்சட்டங்களுக்கும் ஓரத்துத் துளைகளுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ஒலிப்பட்டை அது. வசனம், காலடிச் சத்தம், இசை எல்லாம் அதில்தான் பதிந்திருந்தன. அந்தப் பெயர் பின்னால் படத்தின் இசையை வெளியிடும் தட்டுக்குப் போனது. எனவே படத்தில் ஒலிக்கும் இசை எதுவானாலும் சவுண்ட்டிராக். படத்துக்காக எழுதப்பட்டது மட்டும்தான் ஸ்கோர்.

இந்த வேறுபாட்டை '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' அளவுக்குத் தெளிவாகக் காட்டும் படம் வேறில்லை. 1968-இல் வந்த அந்தப் படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதி, ஒலிப்பதிவும் செய்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோ படத்தொகுப்பின்போது தற்காலிகமாக வைத்திருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் ஏற்கெனவே இருந்த இசையையே படத்தில் விட்டுவிட்டார். தன் இசை இல்லை என்பது நார்த்துக்குப் படம் திரையிடப்பட்டபோதுதான் தெரிந்தது. அவர் எழுதியது ஸ்கோர்தான், ஆனால் அது படத்தின் சவுண்ட்டிராக்கில் கிடையாது. ஸ்ட்ராஸின் இசை சவுண்ட்டிராக்கில் இருக்கிறது, ஆனால் அந்தப் படத்தின் ஸ்கோர் அல்ல. நார்த்தின் இசையை இன்னொரு இசையமைப்பாளரான ஜெர்ரி கோல்ட்ஸ்மித் 1993-இல் ஆர்கெஸ்ட்ராவை நடத்திப் புதிதாகப் பதிவு செய்தார். படத்தில் ஒரு நொடிகூட ஒலிக்காத இசையை ரசிகர்கள் இன்று அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். இதற்குப் பின்னணி இசை என்று பெயர் வைத்தால் எதன் பின்னணி என்ற கேள்வி வரும்.

தட்டில் இருப்பதும் படத்தில் கேட்டதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 1975-இல் வந்த சுறாமீன் படமான 'ஜாஸ்' (Jaws) இசைத்தட்டுக்காக இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அந்த இசையைத் தனியாக மறுபடி வாசிக்க வைத்துப் பதிந்தார். படத்தில் ஒலித்த மூலப்பதிவு வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் திரைப்படத்துக்காக வாசித்த இசையைத் தட்டில் வெளியிட, வாசித்த கலைஞர்களுக்கு மறுபடி கட்டணம் தர வேண்டும். அதனாலேயே 1990-களில் பல தட்டுகள் அரை மணி நேரத்தோடு நின்றுவிட்டன. "இது முழு ஸ்கோரா, தட்டில் வந்தது மட்டுமா?" என்று ரசிகர்கள் துருவுவது வெறும் வீம்பு இல்லை.

தமிழ் வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆர்.ஆர்., அதாவது ரீ-ரெக்கார்டிங். தனித்தனியாகப் பதிந்த வசனம், ஓசை, இசை மூன்றையும் கலந்து ஒன்றாக மறுபடி பதிவதுதான் மூலப்பொருள். ஹாலிவுட்டில் இன்றும் ஒலிக்கலவை செய்பவரின் பதவிப்பெயரில் அந்தச் சொல் இருக்கிறது. நம் ஊர்த் திரையுலகில் அது இசையமைப்பாளரின் வேலையாக மாறிவிட்டது. இங்கே பாடல்கள் படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிடும். படம் தொகுத்து முடிந்ததும் ரீல் ரீலாகத் திரையில் ஓட்டிப் பார்த்து மற்ற இசையைப் பதிவார்கள். பாட்டு முதல் பதிவு, இது மறுபதிவு என்று பெயரும் பொருந்திப்போய்விட்டது. "ஆர்.ஆர். முடிந்துவிட்டது" என்றால் கோடம்பாக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் அது வேலையின் பெயர், இசையின் பெயர் அல்ல. அதேபோல ஓ.எஸ்.டி. என்பதும் இங்கே திசைமாறியிருக்கிறது. பாடல்கள் முதலிலேயே வெளியாகிவிடுவதால், "ஓ.எஸ்.டி. எப்போது வரும்?" என்று தமிழ் ரசிகர் கேட்பது பாடல் அல்லாத இசைக்காக மட்டும்.

பி.ஜி.எம். பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கதாநாயகன் நுழைவுக்கும் கைப்பேசி மணியோசைக்கும் பழகிப்போன சுருக்கம் அது, பேச்சில் அப்படியே இருக்கட்டும்.

பின்னணி இசை நல்ல சொல். பின் + அணி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி பின்னணி. அணி என்றால் வரிசை, படை வகுப்பு. படையின் பின்வரிசைதான் பின்னணி, முன்வரிசை முன்னணி. திரைக்குப் பின்னால் நின்று பாடுபவர் பின்னணிப் பாடகர் ஆனதும் இந்த வழியில்தான். அந்த ஒரே சொல்லால் பாடகரையும் இசையையும் சேர்த்துக் குறித்துவிட்டோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறுவேறு சொற்கள். தேசிய விருதுகளிலும் பின்னணி இசை என்ற பெயர் நிலைத்திருக்கிறது: 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியே பரிசு தரப்பட்டபோது, 'பழசிராஜா'வுக்காகப் பின்னணி இசை விருதைப் பெற்றவர் இளையராஜா.

குறை ஒன்றுதான். எல்லா ஸ்கோரும் பின்வரிசையில் நிற்பதில்லை. 1968-இல் வந்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்துக்கு என்னியோ மோரிகோனே முக்கியமான இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிப் பதிவும் செய்துவிட்டார். இயக்குநர் செர்ஜியோ லியோனே அதைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டுப் படமெடுத்தார். ரயிலில் வந்து இறங்கும் கதாநாயகி ஜில், அழைத்துப்போக யாரும் வராததால் நிலைய அறைக்குள் போகிறாள். கேமரா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டு அப்படியே கூரைக்கு மேல் எழும்ப, ஊர் முழுவதும் விரிகிறது. சரியாக அங்கே இசை பொங்குகிறது. கேமராதான் இசைக்குப் பின்னால் போயிருக்கிறது. பின்னணி என்பது இசை படத்தில் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறது. எழுதப்பட்ட படைப்பை, படத்தை விட்டு வெளியே எடுத்து முழுதாகக் கேட்கும்போது அந்தப் பெயர் போதவில்லை.

அப்படியானால் எது? இசைக்குறிப்பு என்றால் தாள் மட்டும் நினைவுக்கு வரும். இசைக்கோப்பு நல்ல சொல்லாகத்தான் இருந்தது, ஆனால் கணினி வந்த பிறகு கோப்பு என்றால் ஃபைல். "இசைக்கோப்பு அனுப்புங்கள்" என்றால் எம்.பி.3 வரும். இசைக்கோர்ப்பு என்பதைக் கருவிகளை அமைத்துச் சேர்க்கும் வேலைக்குப் பலர் பயன்படுத்துகிறார்கள் (கோத்தல் என்பதே சரி, இடையில் ஒரு 'ர்' வந்து ஒட்டிக்கொண்டது). நான் எழுதுவது இசைக்கோவை.

காரணம் இரண்டு. கோவை என்பதும் கோ என்ற வேரிலிருந்து வந்ததே: தனித்தனியானவற்றை ஒரே இழையில் சேர்ப்பது. கருவிகளின் வரிகளை ஒரே கோட்டால் சேர்த்ததால் வந்த ஸ்கோர் என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடைப்பது கடினம். இரண்டாவது காரணம் இலக்கியம். கோவை என்று ஒரு நூல்வகையே நம்மிடம் இருக்கிறது. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்கள். ஒவ்வொன்றும் ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லித் தனியே நிற்கும், வரிசையாகப் படித்தால் முதல் காட்சியிலிருந்து பிரிவு வரை ஒரு காதல் கதை ஓடும். 1எம்1, 1எம்2 என்று அடுக்கிய இசைத்துண்டுகள் கதையாவதும் இப்படித்தான். தட்டுகளில் துண்டுகளை முன்பின்னாக மாற்றி வைக்கும்போது ரசிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவற்றைப் பட வரிசைக்குத் திருப்பி அடுக்கிக் கேட்பது ஏன் என்பதும் இதில் விளங்கும்.

புழக்கத்தில் எப்படி வரும்? ஏ.ஆர். ரகுமான் 2009-இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக வாங்கிய இரண்டு ஆஸ்கர்களில் ஒன்று பாடலுக்கு, ஒன்று இசைக்கோவைக்கு. "இரண்டும் இசைக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வாசகருக்கு வித்தியாசமே தெரியாது. "இந்த வாரம் முழு இசைக்கோவையையும் கேட்டேன், படத்தில் பின்னணி இசையாக வந்தது அதில் பாதிதான்" என்று எழுதலாம்; இரண்டு சொற்களும் தத்தம் வேலையைச் செய்யும். அலெக்ஸ் நார்த் எழுதியது கைவிடப்பட்ட இசைக்கோவை. தாளைக் குறிக்க வேண்டிய இடத்தில் 'இசைக்கோவைத் தாள்' என்றால் போதும். சவுண்ட்டிராக்குக்கு ஒலித்தடம் என்று எழுதலாம். தட்டாக வந்தால் ஆல்பம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். தனி இசைத்துண்டுக்கு மட்டும் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம், ஸ்டூடியோக்களில் 'பிட்' என்று சொல்லிப் பல காலம் ஆகிவிட்டது.